காயம் ஆறுமுன் கையெழுத்தா?

சாலையில் கார் மோதிக் காயமுற்ற ஒருவர் படுக்கையில் கிடக்கிறார். காலுக்குக் கட்டுப் போட்டாகிவிட்டது. அவருடைய கடை பூட்டிக் கிடக்கிறது. வீட்டு நகை அடகுக்குப் போயிற்று. அந்நேரத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சார்பில் ஒரு தொகை சொல்லப்படுகிறது. "இதைப் பெற்றுக்கொண்டு, இனி எவ்விதப் பாத்தியதையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். கோர்ட்டுக்குப் போனால் வருடக் கணக்காகும்" என்கிறார் வந்தவர்.

வீட்டார் மூன்றாகப் பிரிகிறார்கள். "வந்தவரை லாபம், சமாதானமே சிறந்தது, வாங்கிக்கொள்" என்கிறார் ஒருவர். "ஹக்கை விடலாகாது, ஒன்றுக்கு மூன்றாகக் கேட்டு வழக்குப் போடு" என்கிறார் மற்றொருவர். வயதில் மூத்தவரோ, "நடந்தது நஸீபு. உடம்பில் பட்ட அடிக்குக் காசு வாங்கித் தின்பதா? அல்லாஹ்வுக்காக விட்டுவிடு" என்கிறார். மூவரும் மார்க்கத்தின் பெயராலேயே பேசுகிறார்கள். இம்மூன்றில் மார்க்கம் எது?

இக்கேள்வி நம்மிடம் அடிக்கடி வருகிறது. நம் பிக்ஹு நூல்களில் காருக்கோ இன்ஷூரன்ஸுக்கோ தனி பாபு கிடையாது. ஆனால் காயத்துக்கும் ஈட்டுக்கும் சமாதானத்துக்கும் விரிவான சட்டங்கள் உண்டு. அவற்றையும் நாட்டின் இன்றைய சட்டத்தையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் வழி தெளிவாகிறது.

விதியும் ஈடும்

மூத்தவரின் பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். நடப்பன யாவும் அல்லாஹுத்தஆலாவின் நாட்டப்படியே நடக்கின்றன என்பது நம் ஈமான். அதில் ஐயமில்லை. ஆனால் விதி என்பதால் பொறுப்பு நீங்கிவிடுகிறதா? திருமறையின் அந்நிஸா அத்தியாயம் 92-ஆம் வசனத்தைப் பாருங்கள். ஒரு முஃமினைத் தவறுதலாகக் கொன்றுவிட்டவரைப் பற்றி அது பேசுகிறது. அங்கே கொல்லும் எண்ணம் எவருக்கும் இல்லை. அப்படியிருந்தும் இறந்தவரின் குடும்பத்தாரிடம் தியத் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று அல்லாஹ் விதியாக்கினான். விதியின் பேரால் பொறுப்பு நீங்குமானால் இச்சட்டத்துக்கே இடமிராது.

உயிருக்கு மட்டுமன்று, உறுப்புகளுக்கும் ஈடு வகுக்கப்பட்டது. அம்ரிப்னு ஹஸ்ம் (ரலி) அவர்கள் வழியாக நாயகம் (ஸல்) அவர்கள் யமன் நாட்டாருக்கு அனுப்பிய கடிதம் புகழ்பெற்றது. முழு தியத் 100 ஒட்டகம். ஒரு காலுக்கு அதில் பாதி. ஒரு விரலுக்கு 10 ஒட்டகம். ஒரு பல்லுக்கு 5 ஒட்டகம். அளவு வரையறுக்கப்படாத காயங்களுக்கு 'ஹுகூமத்' என்னும் முறை உண்டு. காயத்தால் ஏற்பட்ட குறைவை நேர்மையாளர்கள் மதிப்பிட்டு, அதற்கேற்ற ஈட்டைத் தீர்மானிப்பார்கள்.

ஆகவே நஷ்டஈடு வாங்குவது உடம்பை விற்பதாகாது. அது இழைக்கப்பட்ட தீங்குக்கு மார்க்கம் வகுத்த பரிகாரம். அதை வாங்கக் கூசுவது பேணுதலும் அன்று, அதை வாங்கியவரை இளப்பமாகப் பேசுவது தக்வாவும் அன்று.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மேற்படி வசனமே, குடும்பத்தார் அதைத் தர்மமாக விட்டுக்கொடுத்தாலன்றி என்று விலக்கும் சொல்கிறது. அஷ்ஷூரா அத்தியாயத்தின் 40-ஆம் வசனமும் தீங்குக்கு அதற்கு நிகரானதே பதில் என்று முதலில் நிறுவிவிட்டு, அதன் பின்னரே மன்னித்துச் சமாதானம் செய்பவரின் கூலி அல்லாஹ்விடம் உள்ளது என்கிறது. உரிமை முதலில், மன்னிப்பு பிறகு. இந்த வரிசை வீணாக அமைந்ததன்று. கையில் இருப்பதைத்தான் ஒருவர் தர்மம் செய்ய முடியும். தன் உரிமை இன்னதென்றே அறியாதவர் எதை மன்னித்தார்?

கொடுப்பவர் யார்?

இன்ஷூரன்ஸே ஆகாது என்று ஆலிம்கள் சொல்ல, அந்தப் பணத்தை வாங்கலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். தயக்கம் மதிக்கத்தக்கது. 1985-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச பிக்ஹு அகாடமி, நிலையான பிரீமியம் கட்டும் வணிக இன்ஷூரன்ஸ் ஒப்பந்தத்தில் பெரும் ஐயநிலை இருப்பதால் அது ஹராம் என்று முடிவு செய்து, கூட்டுறவு முறையை மாற்றாகக் காட்டியது. ஆனால் நம் பிரச்சினை வேறு. காயமுற்றவர் அந்த ஒப்பந்தத்தில் கட்சிக்காரர் அல்லர். அவர் பிரீமியம் கட்டவில்லை. அவருடைய உரிமை மோதியவர் மீது ஏற்பட்டது. அந்தக் கடனை மோதியவருக்காகக் கம்பெனி செலுத்துகிறது. நமக்கு வர வேண்டிய கடனை, கடன்பட்டவருக்குப் பதிலாக அவருடைய பொறுப்பாளி தருவதைப் போன்றது இது. மூன்றாம் தரப்பு இன்ஷூரன்ஸை மோட்டார் வண்டிகளுக்குப் பொதுவாகக் கட்டாயமாக்கியிருப்பதோ நாட்டின் சட்டம்.

ஈட்டின் பாரத்தைத் தவறு செய்தவரோடு பலரும் சேர்ந்து சுமப்பது இஸ்லாத்துக்குப் புதிதுமன்று. தவறுதலான கொலையின் தியத்தைக் கொன்றவரின் தந்தைவழி உறவினரான 'ஆகிலா'க்கள் சுமக்க வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் ஆட்சியில் படைப் பதிவேடுகள் ஏற்பட்டபின், ஒரே பதிவேட்டில் உள்ளோரையே ஆகிலாவாக ஹனஃபீ மத்ஹபு கொண்டது. எளியவன் ஒருவனின் கவனக்குறைவால் காயமுற்றவர், அவனது எளிமையால் மேலும் நஷ்டப்பட்டுவிடலாகாது என்பதே இவ்வேற்பாட்டின் பயன்.

காயம் ஆறட்டும்

இனி, 'வந்தவரை லாபம்' என்பாருக்கு வருவோம். ஹதீஸ் தொகுப்புகளில் ஒரு செய்தி உண்டு. ஒருவர் மற்றொருவரின் முழங்காலில் கொம்பால் குத்திவிட்டார். குத்துப்பட்டவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து உடனே பழிக்குப்பழி கோரினார். காயம் ஆறும்வரை பொறுத்திருக்கும்படி அவர்கள் சொன்னார்கள். அவர் பொறுக்கவில்லை. மீண்டும் வந்து வற்புறுத்தினார். கேட்டது கிடைத்தது. சிறிது காலத்துக்குப் பின் அவர் திரும்பி வந்தார். கால் நொண்டியாகிவிட்டதென்று முறையிட்டார். தாம் தடுத்தும் அவர் கேளாததைச் சுட்டிக்காட்டி, அந்த நொண்டலுக்கு இனி ஈடு இல்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பின், காயம் ஆறுமுன் அதற்குப் பழி தீர்ப்பதையே தடுத்தார்கள். இதன் அறிவிப்புத் தொடர் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே பேச்சு உண்டு. எனினும் இமாம்களில் பெரும்பாலோர் இதன் கருத்தைச் சட்டமாகக் கொண்டார்கள். காயத்தின் ஈட்டையும் அது ஆறியபின் முடிவு செய்வதே முறை. ஏனெனில், அதுவரை காயம் எதில் போய் முடியும் என்பதை எவரும் அறியார்.

இன்றைய மருத்துவமும் இதையே சொல்கிறது. எலும்பு கூடிவிடும், ஆனால் கால் குட்டையாகிவிடலாம். உள்ளே வைத்த பிளேட்டை எடுக்க மறு ஆபரேஷன் தேவைப்படலாம். மூட்டில் முறிவு ஏற்பட்டவருக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் மூட்டுத் தேய்மானம் வரலாம். தலையில் அடிபட்டவருக்கு வலிப்பும் மறதியும் பிற்பாடு தோன்றலாம். இவை எதுவும் முதல் மாதத்துப் படுக்கையில் தெரியாது. அதனால்தான் நிரந்தர ஊனத்தின் சான்று சிகிச்சை முடிந்தபின் வழங்கப்படுகிறது.

முதல் மாதத்தில் சொல்லப்படும் தொகை பற்றி மற்றொரு நபிமொழியும் சிந்திக்கத்தக்கது. வெளியூர் வணிகர்கள் சந்தையை அடையுமுன் வழியிலேயே சென்று சந்தித்து அவர்களின் சரக்கை வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தபின், விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையையும் அவருக்கு அளித்தார்கள். காரணம் வெளிப்படை. ஒருவருக்கு விலை தெரியும், மற்றவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நடக்கும் பேரத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஒரு வேறுபாடு உண்டு. அன்றைய வணிகருக்கு முறித்துக்கொள்ளும் உரிமை இருந்தது. இன்று கையெழுத்திட்டவருக்கு அது பெரும்பாலும் இல்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி லோக் அதாலத்தில் செய்துகொள்ளும் ராஜி சிவில் கோர்ட்டின் டிக்கிரிக்குச் சமம். அதன் மீது அப்பீல் கிடையாது. வழக்கை விரைவில் முடிக்க அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அங்கே போகுமுன் காயமும் ஆறியிருக்க வேண்டும், கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்காக, காயம் ஆறட்டும் என்று மனுப் போடாமலே இருந்துவிடவும் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், நஷ்டஈட்டு மனுவுக்கு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் கெடு வைத்திருக்கிறது. இத்திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. மனுவை உரிய காலத்தில் போட்டுவிட வேண்டும். ராஜிக்குத்தான் அவசரம் கூடாது.

உரிமை எவ்வளவு?

நியாயமான ஈட்டில் என்னென்ன அடங்கும் என்பதை உச்ச நீதிமன்றம் 2010-இல் அளித்த ஒரு தீர்ப்பில் பட்டியலிட்டுச் சொன்னது. மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்துணவுச் செலவு, படுத்திருந்த காலத்தின் வருமான இழப்பு, நிரந்தர ஊனத்தால் இனி வரப்போகும் வருமான இழப்பு, எதிர்கால மருத்துவச் செலவு ஆகியன ஒரு பக்கம். பட்ட வலியும் வேதனையும், வாழ்க்கை வசதிகளின் இழப்பும், ஆயுட்குறைவும் மறுபக்கம். அதே தீர்ப்பு மற்றொன்றையும் விளக்கியது. உடலின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு. ஒரு கை போய்விட்டால் அலுவலக குமாஸ்தா வேலையில் தொடரக்கூடும். தச்சருக்கோ டிரைவருக்கோ பிழைப்பே போய்விடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 38 வயதுத் தையல்காரர் ஒருவர், மாத வருமானம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,80,000. சொந்தத் தொழில் செய்யும் 40 வயதுக்குட்பட்டவருக்கு எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டுவது 2017-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை. ஆக 2,52,000. சம்பாதிக்கும் திறன் 30 சதவீதம் போயிற்று என்று தீர்மானமானால் வருட இழப்பு 75,600. 36 முதல் 40 வயது வரையுள்ளவருக்கு 15-ஆல் பெருக்க வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அட்டவணை. பெருக்கினால் 11,34,000 ரூபாய். மருத்துவச் செலவும் வலிக்கான ஈடும் இதற்கு மேல். மெஷினை மிதிக்கும் காலே முறிந்தவர் என்றால், திறன் இழப்பு 30 சதவீதத்தோடு நிற்குமா என்பதும் கேட்கத்தக்கதே. அவரிடம் கம்பெனி 3 லட்சம் தருவதாகச் சொல்கிறது என்றால், அவர் விட்டுக்கொடுப்பது எவ்வளவு என்பதை அவர் அறிந்திருக்க வேண்டாமா?

வாழ்க்கை வசதிகளின் இழப்பு என்று சட்டம் சொல்வதை நம் வீட்டார் சாதாரணமாக எண்ணிவிடுகிறார்கள். முழங்கால் மடங்காதவருக்கு சஜ்தாவே இழப்பல்லவா? நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துத் தொழலாம் என்று மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அவர் தொழுகை நிறைவானதே, கூலியில் குறைவில்லை. ஆனால் நாற்பது வயதில் நெற்றியைத் தரையில் வைக்க முடியாமல் ஸஃப்பின் ஓரத்தில் நாற்காலி போட்டு அமர்பவரின் உள்ளம் படும் பாட்டை எந்த ரசீதும் காட்டாது. அதையும் எடுத்துச் சொல்வதற்குச் சட்டத்தில் இடமுண்டு. சொல்வதில் குற்றமில்லை.

தீர்ப்பாயம் மனுத் தேதியிலிருந்து வட்டியும் சேர்த்துத் தீர்ப்பளிப்பது வழக்கம். வட்டி என்று வரும் பகுதியைத் தனியே பிரித்து, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது பேணுதலான வழி. இதில் தம் மத்ஹபின் ஆலிம்களிடம் விவரம் கேட்டு நடந்துகொள்ளவும்.

சுல்ஹின் சட்டம்

இவ்வளவு சொன்னதால், ராஜியே கூடாது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். அந்நிஸா அத்தியாயத்தின் 128-ஆம் வசனம் சமாதானத்தை நலமென்று புகழ்கிறது. ஹலாலை ஹராமாக்கும், ஹராமை ஹலாலாக்கும் சமாதானம் தவிர மற்றவை முஸ்லிம்களுக்கிடையே ஆகும் என்பது நபிமொழி.

புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வரும் நிகழ்ச்சி ஒன்று இதற்கு வழிகாட்டி. கஅபுப்னு மாலிக் (ரலி) அவர்களுக்கு இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்கள் கடன் தர வேண்டியிருந்தது. பள்ளிவாசலில் இருவரின் குரலும் உயர்ந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் அறையின் திரையை விலக்கி, பாதியை விட்டுக்கொடுக்கும்படி கஅபு அவர்களுக்குச் சைகை காட்டினார்கள். அவர் உடனே இசைந்தார். அடுத்த நொடியே கடன்பட்டவரை நோக்கி, எழுந்து போய்க் கடனைச் செலுத்தும்படி பணித்தார்கள்.

இந்த ராஜியின் உறுப்புகளைக் கவனியுங்கள். கடனின் அளவு இருவருக்கும் தெரியும். கொடுக்க வேண்டியவர் அதை மறுக்கவில்லை. விட்டுக்கொடுத்தவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தார். மீதியோ தாமதமின்றிக் கேட்கப்பட்டது. இவை நான்கும் கூடினால் பாதிக்கு இசைவதும் சிறப்பே. இவை இல்லாத இடத்தில் வெறும் 'பாதி'யை மட்டும் ஸுன்னத் என்று காட்டுவது சரியாகாது.

எதிராளி பொறுப்பையே மறுக்கும் நிலையில் செய்யும் சுல்ஹு பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் அது செல்லும். பிரதிவாதி வழக்கின் தொல்லையிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ளப் பணம் தருகிறார் என்பது அவர்களின் காரணம். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களிடம் அது செல்லாது. வாதி பொய்யரானால் ஆகாத பணத்தை வாங்குகிறார், உண்மையாளரானால் அவருடைய உரிமையின் ஒரு பகுதியே வற்புறுத்திப் பறிக்கப்படுகிறது என்பது இவர்களின் காரணம். அளவு தெரியாத உரிமையை மன்னித்துவிடுவதும், சில விலக்குகள் நீங்கலாக, ஷாபிஈ மத்ஹபில் செல்லாது. நம் நாட்டில் இரு மத்ஹபினரும் வாழ்கிறோம். எம்மத்ஹபினராயினும் ஒன்றை உணரலாம். உரிமை தெளிவாகத் தெரிந்தபின் செய்யும் ராஜியில் இவ்விரு இமாம்களின் அச்சமும் நீங்கிவிடுகிறது.

"அடகு வைத்த நகை மூழ்கப்போகிறது, பிள்ளைகளுக்குச் சோறில்லை. எங்களால் காத்திருக்க முடியுமா?" என்று கேட்பவருக்கு என்ன பதில்? அவர் கேட்பதில் நியாயம் உண்டு. உடனே கிடைக்கும் ஐந்து, ஐந்தாண்டு கழித்துக் கிடைக்கும் பத்தைவிட ஒரு குடும்பத்துக்குப் பயனுள்ளதாகக்கூடும். கணக்கை அறிந்து, இவ்வளவை விடுகிறோம், இன்ன காரணத்துக்காக விடுகிறோம் என்று தெரிந்தே அவர் இசைந்தால் அதில் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவருடைய நெருக்கடியைத் தெரிந்துகொண்டு, அதையே கருவியாக்கித் தொகையைக் குறைப்பவர்தான் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவர். அத்தகைய வேளையில் ஜமாஅத்தும் உறவினரும் அழகிய கடனாக (கர்ளுன் ஹஸன்) ஓராண்டு தாங்கினால், அந்தக் குடும்பம் அடிவிலைக்குத் தன் உரிமையை விற்க நேராது. இது நம் பைத்துல்மால்கள் கவனிக்க வேண்டிய கடமை.

எவருடைய உரிமையை எவர் விடுவது?

தன் உரிமையை விடுவதில்தான் ஒருவருக்குச் சுதந்திரம். காயமுற்றது சிறு பிள்ளை என்றால், தகப்பனாரோ மாமாவோ 'அல்லாஹ்வுக்காக' என்று அப்பிள்ளையின் ஈட்டைக் குறைத்துக்கொள்ள முடியாது. சிறுவரின் பொருளிலிருந்து தர்மம் செய்யும் அதிகாரம் பொறுப்பாளருக்கு இல்லை என்பது பிக்ஹின் தெளிவான சட்டம். நாட்டின் தீர்ப்பாயமும் சிறுவருக்கான தொகையைப் பெரும்பாலும் வங்கியில் போட்டு வைத்து, அவர் வயதுக்கு வந்தபின் கொடுக்கச் செய்கிறது.

சம்பாதிப்பவரே காயமுற்றிருந்தாலும் அவருக்குப் பின்னே மனைவி மக்கள் இருக்கிறார்கள். ஸஅதுப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது தம் செல்வம் முழுவதையும் தர்மம் செய்ய விரும்பினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மூன்றிலொரு பங்கோடு நிறுத்தினார்கள். அதுவும் அதிகமே என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது மேல் என்று காரணமும் சொன்னார்கள். செல்வந்தரின் தர்மத்துக்கே இந்த வரம்பு என்றால், ஒரு காலை இழந்த தொழிலாளி தன் பிள்ளைகளின் நாளைய சோற்றை ஒரு கம்பெனிக்கு விட்டுக்கொடுப்பதற்கு என்ன பெயரிடுவது? கஷ்டத்திலுள்ள கடனாளிக்கு விட்டுக்கொடுப்பதை அல்பகரா அத்தியாயம் 280-ஆம் வசனம் தர்மமென்று புகழ்கிறது. கணக்கேட்டில் இதற்கெனவே தொகை ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு கம்பெனி அந்தக் கடனாளி அன்று.

கேட்பவருக்கும் வரம்பு உண்டு

'ஒன்றுக்கு மூன்றாகக் கேள்' என்பவரிடம் இப்போது பேசுவோம். உரிமையைக் கேட்பது ஹலால் என்பதால் பொய்யும் ஹலாலாகிவிடாது. இல்லாத சம்பளத்துக்குச் சான்று வாங்குவது, போகாத ஆஸ்பத்திரிக்கு ரசீது வைப்பது, நன்றாக மடங்கும் முழங்காலை டாக்டர் முன் மடக்காமல் காட்டுவது, மோதிய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லையென்று சம்பந்தமேயில்லாத வண்டியைப் போலீஸ் புகாரில் புகுத்துவது ஆகிய இவை மோசடியேயன்றி வேறல்ல. பொய்ச் சாட்சியத்தைப் பற்றிச் சொல்லும்போது, சாய்ந்திருந்த நாயகம் (ஸல்) அவர்கள் நிமிர்ந்து அமர்ந்து, அவர்கள் நிறுத்தமாட்டார்களா என்று தோழர்கள் எண்ணும்வரை திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள் என்பதை மறக்கலாகாது.

உம்முஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியும் அத்தகையதே. தாமும் ஒரு மனிதரே என்றும், கேட்பதைக் கொண்டே தீர்ப்பளிப்பதாகவும், வாதத்திறமையால் ஒருவர் தம் சகோதரரின் உரிமையைப் பெற்றுவிட்டால் அவர் பெற்றது நெருப்புத் துண்டே என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். அல்லாஹ்வின் தூதருடைய தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால், ஒரு தீர்ப்பாயத்தின் உத்தரவு எப்படி ஆக்கும்? கம்பெனியின் பணம் எவருடையதும் அன்று என்று எண்ண வேண்டாம். அது பலரும் கட்டிய பணம்.

தவறில் நமக்கும் பங்கு இருந்தால் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இருவர் மோதிக்கொண்டால் ஒவ்வொருவரும் தம் செயலின் பங்கைத் தாமே ஏற்க வேண்டும் என்பதால், மற்றவர் மீது பாதி ஈடே வரும் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். நாட்டின் சட்டமும் நம் கவனக்குறைவின் அளவுக்கு ஈட்டைக் குறைக்கிறது. பொய்க்குத் தேவையும் இல்லை. கேட்டதைவிட நியாயமான தொகை அதிகமானால் தீர்ப்பாயம் அதையே வழங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

மோதியவருக்கு ஒரு சொல்

"இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்" என்று மோதியவர் ஒதுங்கிவிடுகிறார். பணத்தின் பொறுப்பைக் கம்பெனி ஏற்கலாம். மனிதனுக்கு இழைத்த தீங்கின் பொறுப்பை எந்தப் பாலிசி ஏற்கும்? தீனாரும் திர்ஹமும் செல்லாத நாள் வருமுன், தன் சகோதரனுக்கு இழைத்த அநீதியை இன்றே ஹலாலாக்கிக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். மோதியவர் காயமுற்றவரை நேரில் கண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். விசாரணையில் உண்மையைச் சொல்ல வேண்டும். கம்பெனிக்குச் சாதகமாகவோ தனக்குச் சாதகமாகவோ நடந்ததை மாற்றிச் சொன்னால், முதல் தீங்கு தவறுதலானது, இரண்டாவது வேண்டுமென்றே செய்தது.

காயமுற்றவரும் இதை எண்ணிப் பார்க்கட்டும். மனத்தால் மன்னிப்பது வேறு, பணத்தை விடுவது வேறு. மோதியவரை அல்லாஹ்வுக்காக மன்னித்து, அவர்மேல் பகை பாராட்டாமல், அவர் ஸலாமுக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஈட்டையும் முறைப்படி பெறலாம். இரண்டும் ஒரே உள்ளத்தில் இருக்க இடமுண்டு.

செய்ய வேண்டியது

ஆகவே தொகை சொல்லப்படும்போது அன்றே பதில் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தில் தரச் சொல்லுங்கள். படிக்காத தாளிலும் வெற்றுத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். சிகிச்சை முடிந்துவிட்டதா, இனி ஆபரேஷன் உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். பின் கணக்கைப் போடுங்கள். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் குறைந்த வருமானமுள்ளோருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தில் இலவச உதவி உண்டு. இன்றைய சட்டப்படி கம்பெனி சொல்லும் தொகையை ஏற்றால் அது தீர்ப்பாயத்தின் முன் ராஜியாகப் பதிவாகும். மறுத்தால் தீர்ப்பாயம் விசாரித்து முடிவு செய்யும். மறுப்பது சண்டையன்று, நியாயத்தை நடுவரிடம் விடுவதே. இவ்வளவுக்கும் பின் இஸ்திகாரா செய்து, வீட்டாரோடு மஷ்வரா செய்து முடிவெடுங்கள். அப்போது நீங்கள் பெற்றால் அது உரிமை, விட்டால் அது உண்மையான மன்னிப்பு.

அல்லாஹுத்தஆலா நம்மையும் நம் பிள்ளைகளையும் சாலை விபத்துகளிலிருந்து காப்பானாக! காயமுற்றோருக்குப் பூரண ஷிஃபாவை அளிப்பானாக! பிறர் ஹக்கை உண்ணாமலும், நம் ஹக்கை அறியாமையால் இழக்காமலும் வாழ நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.